அடைப்பா, உடைப்பா? இதயத் தமனிச் சிதைவும் ஆண்டிபட்டி வட்டாரத்தின் மருத்துவத் தேவையும்

நெஞ்சை அடைக்கிறது என்று நோயாளி சொன்னதிலிருந்து பிறந்த சொல் மாரடைப்பு. வலியின் இயல்பை அது சரியாகவே சொல்கிறது. ஆஞ்சியோகிராம் பரவிய பிறகு அதே சொல்லில் இன்னொரு பொருளும் ஏறிக்கொண்டது. ‘மூணு பிளாக் இருக்காம், ஒண்ணு எண்பது பர்சென்ட்டாம்’ என்று தேனி மாவட்டத்து வீடுகளில் பேசிக்கொள்ளும்போது, துருவேறிக் குறுகிவரும் தண்ணீர்க் குழாய் ஒன்றுதான் பேசுபவர் மனத்தில் இருக்கிறது. எண்பது நூறாகும் நாளில் மாரடைப்பு வரும்; அதற்குமுன் குழாயை அகலப்படுத்திவிட்டால் கண்டம் தப்பியது என்பது அவர்கள் போடும் கணக்கு. அந்தக் கணக்கு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். பெரும்பாலான மாரடைப்புகளில், தமனிச் சுவரில் இருக்கும் கொழுப்புத் திட்டு திடீரென உடைப்பெடுக்கிறது. அந்த உடைப்பை மூட உடல் கட்டும் இரத்தக் கட்டி ஓட்டத்தையே மறித்துவிடுகிறது. கண்மாய்ப் பாசனத்தில் வாழ்ந்த மக்களுக்கு உடைப்பு என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்பதை வைத்துக் கண்மாய் உடைவதில்லை. கரையில் நண்டு வளை எங்கே இருக்கிறது, மண் எங்கே இளகியிருக்கிறது என்பதைப் பொறுத்தே உடைகிறது. இதை வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ளிவிட முடியாது. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு மேற்கே வாழும் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது, வலி வராத நாளில் அவர் எதற்குப் பணம் செலவிடுவது என்ற இரண்டும் இந்த வேறுபாட்டைச் சார்ந்தே இருக்கின்றன.

திட்டு உண்டாகும் வழியில் இன்று பெரிய கருத்து மாறுபாடு இல்லை. இரத்தத்தில் மிதக்கும் எல்டிஎல் துகள்கள் தமனியின் உட்படலத்தைக் கடந்து சுவருக்குள் சிக்குகின்றன. அவற்றை அப்புறப்படுத்த வரும் விழுங்கு செல்கள் கொழுப்பை உண்டு, நுரைபோலப் பெருத்து, அங்கேயே மடிகின்றன. மடிந்த செல்களும் கொலஸ்டிரால் படிகங்களும் சேர்ந்து சுவருக்குள் ஒரு கூழ்க் குட்டையாகத் தேங்க, அதன்மேல் தசைச் செல்கள் கொலாஜன் நார்களைப் பின்னி மூடி போடுகின்றன. அந்த நார்மூடிதான் கரை. கரையைக் கட்டும் வேலையும் அரிக்கும் வேலையும் ஒரே நேரத்தில் நடக்கின்றன: தசைச் செல்கள் நாரை நெய்துகொண்டிருக்க, அழற்சியால் தூண்டப்பட்ட விழுங்கு செல்கள் அதே நாரைச் செரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. திடீரென இறந்தவர்களின் இதயத் தமனிகளை ஆராய்ந்து ஆலன் பர்க், ரேணு விர்மானி குழுவினர் 1997-இல் வெளியிட்ட அளவீடு இத்துறையில் புகழ்பெற்றது. உடைந்த திட்டுகளின் மூடி சராசரியாக 23 மைக்ரான் கனமே இருந்தது. 95 விழுக்காடு மூடிகள் 65 மைக்ரானுக்கும் மெல்லியவை. தலைமுடியின் பருமன்கூட இல்லாத ஒரு தோல், நாளுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயத்தின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது.

மூடி கிழிந்த பிறகு நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் நம் மருந்துகள் பலவும் அங்கேதான் வேலை செய்கின்றன. கிழிசலில் கொலாஜன் வெளித்தெரிந்ததும் வான் வில்பிராண்ட் காரணியின் துணையோடு தட்டணுக்கள் வந்து ஒட்டுகின்றன. ஒட்டியவை திராம்பாக்சேனையும் ஏடிபியையும் வெளிவிட்டு மற்ற தட்டணுக்களைக் கூவி அழைக்கின்றன. ஆஸ்பிரின் அடக்குவது முதல் கூவலை. குளோபிடோக்ரல் அடக்குவது இரண்டாவதை. இதற்கிடையே திட்டின் கூழில் நிறைந்திருக்கும் திசுக் காரணி, இரத்தத்தில் உள்ள ஏழாம் காரணியோடு சேர்ந்து உறைதல் தொடரைத் தொடங்கிவைக்கிறது. தொடரின் முடிவில் உருவாகும் திராம்பின், இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. தட்டணுக் குவியலின் மேல் இந்த இழைகள் வலைபோல் படர, வலையில் சிவப்பணுக்கள் சிக்கிக் கட்டி இறுகுகிறது. ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிபிளேஸ் முதலிய ‘கட்டி கரைக்கிற ஊசிகள்’ உடலின் பிளாஸ்மினைத் தூண்டி அறுப்பது அந்த இழைகளைத்தான். கையில் அரிவாள் பட்டால் உயிர் காக்கும் இதே ஏற்பாடு, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள தமனிக்குள் நடந்தால் உயிரை எடுக்கிறது. உடைப்பை மூட ஊரே கொண்டுவந்து கொட்டிய மணல்மூட்டைகள் வாய்க்காலை மறித்து நிற்பதைப் போன்ற நிலை அது. இரத்தம் முற்றாக நின்றுவிட்டால் இருபது முதல் நாற்பது நிமிடத்துக்குள் இதயத் தசை சாகத் தொடங்குகிறது. செத்த தசை திரும்ப முளைப்பதில்லை.

கட்டிதான் மாரடைப்புக்குக் காரணம் என்பது எளிதாக ஏற்கப்படவில்லை. சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1912-இல் அதைத் தெளிவாக எழுதியும், 1970-களில்கூட வில்லியம் ராபர்ட்ஸ் போன்ற பெயர்பெற்ற நோயியலாளர்கள் மறுத்துவந்தார்கள்: இறந்தவர்கள் பலரிடம் கட்டி காணப்படவில்லை, ஆகவே தசை செத்த பிறகு, ஓட்டம் தேங்கியதால் கட்டி உண்டாகியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். பிணக்கூறாய்வை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் இறப்பதற்குள் கட்டி தானாகக் கரைந்திருக்கக்கூடும். உயிரோடு இருக்கும் நோயாளியிடமே பார்த்து வழக்கை முடித்தவர் மார்கஸ் டிவுட். 1980-இல் அவர் குழுவினர் 322 நோயாளிகளுக்கு மாரடைப்பின் முதல் நாளிலேயே ஆஞ்சியோகிராம் செய்து வெளியிட்டார்கள். வலி தொடங்கி 4 மணி நேரத்துக்குள் பார்த்தவர்களில் 87 விழுக்காட்டினரின் தமனி முற்றாக மூடியிருந்தது. 12 முதல் 24 மணி நேரத்தில் பார்த்தவர்களில் அது 65 விழுக்காடாகக் குறைந்தது. கட்டி விளைவாக இருந்தால் நேரம் போகப் போகக் கூடியிருக்க வேண்டும். அது குறைந்தது. இறுதிச் சான்று மருந்துச் சோதனைகளிலிருந்து வந்தது. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 பேர் பங்கேற்றார்கள். ஆஸ்பிரினும் ஸ்ட்ரெப்டோகைனேசும் சேர்த்துப் பெற்றவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, இரத்தநாள நோய்களால் இறந்தவர்கள் 8.0 விழுக்காடு, இரண்டும் பெறாதவர்களில் 13.2 விழுக்காடு. கட்டி வெறும் பக்க விளைவாக இருந்தால் அதைத் தடுப்பதும் கரைப்பதும் இத்தனை உயிர்களைக் காத்திருக்காது.

இனி அடைப்புக் கணக்குக்கு வருவோம். 1988-இல் ஆம்ப்ரோஸ் குழுவும் லிட்டில் குழுவும் தனித்தனியே ஒரு நுட்பமான காரியம் செய்தார்கள். மாரடைப்பு வந்தவர்களில், அதற்கு முன்பே வேறு காரணத்துக்காக ஆஞ்சியோகிராம் செய்திருந்தவர்களைத் தேடிப் பிடித்து, பின்னால் மூடிக்கொண்ட அதே இடம் முன்பு எப்படி இருந்தது என்று பழைய படங்களில் பார்த்தார்கள். லிட்டில் குழு கண்ட 29 பேரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்த இடத்தில் இருந்தது 50 விழுக்காட்டுக்கும் குறைந்த குறுக்கம். ஆஞ்சியோ அறிக்கையில் ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று எழுதப்படும் அளவு அது. இந்தச் சான்றுக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழைய படம் எடுத்ததற்கும் மாரடைப்புக்கும் இடையே பல மாதங்கள், சில நேரம் ஆண்டுகள், கழிந்திருந்தன. இடைக்காலத்தில் திட்டு வளர்ந்திருக்கலாமே? வளரத்தான் செய்கிறது. கிரெக் ஸ்டோன் தலைமையில் 697 பேரைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியான புராஸ்பெக்ட் ஆய்வில், பின்னால் தொல்லை கொடுத்த புதிய இடங்கள் தொடக்கத்தில் சராசரியாக 32 விழுக்காடு குறுகியிருந்தன; தொல்லை கொடுத்தபோது அது 65 விழுக்காடு. ஆகவே குறுக்கத்துக்கும் மாரடைப்புக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வது மிகை. ஆனால் அந்த வளர்ச்சி எப்படி நடந்தது என்று கேட்டால் விடை மீண்டும் உடைப்பிடமே கொண்டுவிடுகிறது. திடீரென இறந்தவர்களின் தமனிகளில் பழைய கிழிசல்கள் ஆறி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த தழும்பு அடுக்குகளை நோயியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மூடி கிழிந்தது, சிறு கட்டி உண்டானது, ஓட்டத்தை மறிக்காமலே ஆறியது, ஆறியபோது திட்டு ஒரு படி தடித்தது. அந்த மனிதருக்கு எதுவும் தெரியவில்லை. எண்பது விழுக்காட்டுக் குறுக்கம் பல வேளைகளில் வெளித்தெரியாமல் போன உடைப்புகளின் வரலாறுதான்.

இரண்டாவது மறுப்பு என் வாதத்தின் பெயரையே தொடுகிறது. எல்லாக் கட்டிகளும் கிழிசலின் மேல் உண்டாவதில்லை. விர்மானி குழுவின் ஆய்வுகள் காட்டியபடி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் மூடி கிழியாமலே இருக்கிறது. அதன்மேல் உள்ள மெல்லிய உட்படலம் மட்டும் உரிந்துபோய் அங்கே கட்டி படிகிறது. இளம்வயதுப் பெண்களிடமும் புகைப்பவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இன்னும் சிறு பங்கில் சுண்ணாம்பு முண்டு ஒன்று சுவரைத் துளைத்துக்கொண்டு வருகிறது. உடைப்பு என்ற சொல்லை அப்படியானால் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பது என் முடிவு. கரை பிளந்து உடைவதும் கரையின் தோல் அரித்துப்போவதும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். ஆனால் இரண்டிலும் தேங்கிய வண்டலின் அளவு ஆபத்தைத் தீர்மானிப்பதில்லை, சுவரின் சிதைவுதான் தீர்மானிக்கிறது. அரிப்பைத் தனித்து அறிவதால் ஒரு பயனும் உண்டு. 2017-இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில், படலம் மட்டும் உரிந்திருந்த 60 பேருக்கு ஸ்டென்ட் வைக்காமல் தட்டணு எதிர்ப்பு மருந்துகளையே தந்தார்கள். ஒரு மாதத்தில் 47 பேருக்குக் கட்டி பாதிக்குமேல் சுருங்கியிருந்தது.

இந்தப் புரிதல் செலவுக் கணக்கை மாற்றுகிறது. நடந்தால் வலி, நின்றால் சரி என்று நிலையாக இருக்கும் நோயாளிக்கு ஸ்டென்ட் வைப்பது வலியைக் குறைக்கிறது. மாரடைப்பையும் சாவையும் குறைக்கிறதா என்று சோதித்தபோது, 2007-இல் 2,287 பேரைக் கொண்ட கரேஜ் ஆய்வும், 2020-இல் 5,179 பேரைக் கொண்ட இஸ்கீமியா ஆய்வும், நல்ல மருந்துச் சிகிச்சையைவிட மேலான பலனைக் காட்டவில்லை. ஒரு திட்டை நசுக்கி அகலப்படுத்தினாலும் மற்ற இருபது திட்டுகள் தமனி முழுவதும் இருக்கின்றன. இதற்கு எதிராக 2024-இல் வெளியான பிரிவென்ட் ஆய்வைக் காட்டுவார்கள். உடையும் தறுவாயில் உள்ள திட்டுகளை முன்கூட்டி அடையாளம் கண்டு ஸ்டென்ட் வைத்ததில், இரண்டாண்டில் தொல்லை 3.4 விழுக்காட்டிலிருந்து 0.4 விழுக்காடாகக் குறைந்தது. மதிக்கத்தக்க முடிவுதான். ஆனால் மருந்து மட்டும் பெற்றவர்களிலும் நூறில் 96 பேருக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன. தமனிக்குள் கருவி நுழைத்துப் படம் எடுக்கும் வசதியை ஆண்டிபட்டி நெசவாளிக்கும் வருசநாட்டு விவசாயிக்கும் பொது வழியாகக் காட்ட முடியாது. கரை முழுவதையும் உறுதியாக்கும் வழி எளியது. எல்டிஎல் லிட்டருக்கு ஒரு மில்லிமோல், அதாவது டெசிலிட்டருக்கு 39 மில்லிகிராம், குறைந்தால் பெரிய இதய, இரத்தநாள நிகழ்வுகள் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேலாகக் குறைகின்றன என்பது லட்சத்துக்கு மேற்பட்டோரின் சோதனைத் தரவுகளைச் சேர்த்துக் கண்ட முடிவு. ஸ்டாட்டின் மாத்திரை குறுக்கத்தை அதிகம் மாற்றாமலே இந்தப் பலனைத் தருகிறது. மூடி தடிக்கிறது, கூழ் வற்றுகிறது. குழாய்க் கணக்கால் இதை விளக்கவே முடியாது. அழற்சியைத் தணிக்கும் மருந்துகளிலும் நம்பிக்கை பிறந்திருக்கிறது. திண்டுக்கல், திருப்பூர் மாவட்ட வயல்களில் பயிராகும் கண்வலிக்கிழங்கின் விதையிலிருந்து எடுக்கப்படும் கோல்ச்சிசின், 2020-இல் 5,522 பேரிடம் நடந்த ஆய்வில் இதய நிகழ்வுகளை 31 விழுக்காடு குறைத்தது. 2024-இல் மாரடைப்பு வந்த உடனே கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. (அந்தக் கிழங்கு உயிரைக் கொல்லும் நஞ்சு, வீட்டு வைத்தியத்துக்கு உரியதன்று.)

தடுப்பு தவறி உடைப்பு நிகழ்ந்துவிட்டால் நேரமே மருந்து. இங்கேதான் ஆண்டிபட்டியின் புவியியல் வாதத்துக்குள் வருகிறது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆண்டிபட்டிக்கும் தேனிக்கும் இடையே க.விலக்கில் இருப்பதால் நகரவாசிகளுக்குத் தொலைவு குறைவு. கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை தாண்டி வருசநாட்டு மலையடிவாரக் கிராமங்களில் இருப்பவருக்கும், பள்ளத்தாக்கின் மறுகோடியில் கூடலூரில் இருப்பவருக்கும் அப்படியில்லை. உசிலம்பட்டி வழியாக மதுரை செல்வதென்றால் ஆண்டிபட்டியிலிருந்தே சுமார் 60 கிலோமீட்டர். தொலைவைவிடப் பெரிய இழப்பு வீட்டுக்குள் நிகழ்கிறது. வாய்வு என்றும் கேஸ் என்றும் எண்ணி ஓமத்தண்ணீரும் சோடாவும் குடித்துக் காத்திருக்கும் நேரம் அது. இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளைப் பதிவுசெய்து 2008-இல் வெளியான கிரியேட் ஆய்வில், வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை சேரும்வரை ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். ஆறு மணி நேரம்! முதல் ஒரு மணிக்குள் கட்டி கரைக்கும் சிகிச்சை பெறும் ஆயிரம் பேரில் 65 பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள், இரண்டு மணி தாண்டினால் அது முப்பதுக்கும் கீழே இறங்குகிறது என்று 1996-இல் ஆய்வாளர் புர்ஸ்மா கணக்கிட்டிருந்தார். அதன்படி பார்த்தால், நம் நோயாளிகளில் பாதிப் பேர் மருத்துவமனையில் கால் வைக்கும்போதே பெரும்பகுதி வாய்ப்பை இழந்திருக்கிறார்கள். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது சராசரியாக 53 என்றும், மற்ற நாட்டவர்க்கு 58.8 என்றும் இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. இழக்கப்படுவது உழைக்கும் வயதுள்ள ஆட்களின் தசை.

ஊசியைவிட உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி மேலானது, ஆகவே நோயாளியை நேரே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே சரி என்பது கடைசி மறுப்பு. 2003-இல் கீலி குழு 23 ஆய்வுகளைத் தொகுத்ததில் இறப்பு 9-லிருந்து 7 விழுக்காடாகக் குறைந்தது உண்மை. அந்த மேன்மை, கருவி விரைவில் கிடைத்தால் மட்டுமே. 2013-இல் வெளியான ஸ்ட்ரீம் ஆய்வு, வலி தொடங்கி மூன்று மணிக்குள் வந்து, ஒரு மணிக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்க வழியில்லாதவர்களை எடுத்துக்கொண்டது. நம் பள்ளத்தாக்கின் நிலையே அதுதான். முதலில் ஊசி, பிறகு ஆஞ்சியோகிராம் என்ற வழியில் சென்றவர்களுக்கு முடிவு எவ்விதத்திலும் தாழ்ந்திருக்கவில்லை. மூளை இரத்தக்கசிவு மட்டும் சற்றுக் கூடியது, முதியோருக்கு அளவைப் பாதியாக்கியதும் அதுவும் தணிந்தது. தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று 2012 முதல் 2014 வரை நடத்திய திட்டத்தில், சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு சக்கரத்தின் ஆரக்கால்கள் போல இணைத்து, இசிஜியை உடனே அனுப்பி, அருகிலேயே கட்டியைக் கரைத்து, பிறகு மையத்துக்கு மாற்றினார்கள். 2,420 நோயாளிகளின் தரவு 2017-இல் வெளியானது. ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. முன்பும் பின்பும் ஒப்பிட்ட ஆய்வு என்பதால் குறைவு முழுவதும் திட்டத்தாலேயே வந்தது என்று உறுதிகூற முடியாது. ஆயினும் உடைப்பின் இயங்குமுறையும் ஐசிஸ்-2 போன்ற பெரும் சோதனைகளும் எதிர்பார்க்கச் சொல்வதும் இதே திசையைத்தான்.

தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம், ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றை முதல் வேளையாகக் கொடுத்து அனுப்ப வகைசெய்தது. இதைச் சிறிதென்று கருதக் கூடாது. ஆஸ்பிரின் மட்டுமே இறப்பை நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தது என்பதை ஐசிஸ்-2 காட்டியிருக்கிறது. ஸ்டாட்டினை முதல் வேளையிலேயே மிகுதியாகத் தருவதற்கான சான்று அவ்வளவு வலுவானதில்லை. நீண்டகாலம் தொடர்ந்தால்தான் அதன் பலன். என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. தட்டணுக்களை அடக்குவதால் கட்டி மேலும் வளர்வது குறையும். பின்னிமுடிந்த ஃபைப்ரின் வலை அறுபடாது. மாத்திரை கொடுத்தாயிற்று என்று இசிஜி எடுப்பது தாமதமானால் திட்டத்தின் நோக்கமே தோற்கும். எல்லா நெஞ்சுவலிக்கும் ஊசி பொருந்தாது என்பதும் உண்மை. இசிஜியில் எஸ்டி பகுதி உயர்ந்தவர்களுக்கே அது பயன். அண்மையில் மூளையில் இரத்தம் கசிந்தவர்களுக்கு ஆபத்து. அதனால்தான் படத்தைப் படித்துச் சொல்லும் கண் ஒன்று இரவு இரண்டு மணிக்கும் தொலைபேசியின் மறுமுனையில் இருக்க வேண்டும்.

இதய நிறுத்தமும் மாரடைப்பும் ஒன்றென எண்ணுவதும் நேரத்தைத் தின்கிறது. 2002, 2006 தேர்தல்களில் ஆண்டிபட்டி மக்கள் தேர்ந்தெடுத்த ஜெ. ஜெயலலிதாவுக்கு 2016 டிசம்பர் 4-ஆம் நாள் நேர்ந்ததாக மருத்துவமனை அறிவித்தது இதய நிறுத்தம். செய்திகள் பல அதை மாரடைப்பு என்றே எழுதின. நிறுத்தத்தில் துடிப்பே இல்லை, ஆள் சாய்ந்துவிடுகிறார், நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். மாரடைப்பில் நோயாளி பெரும்பாலும் பேசிக்கொண்டும் வியர்த்துக்கொண்டும் இருக்கிறார். சாய்ந்தால்தான் மாரடைப்பு என்று நம்புகிற வீட்டில் வியர்வையை யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஆகவே தேனி மாவட்ட சுகாதார நிர்வாகத்துக்கு இக்கட்டுரை முன்வைக்கும் கோரிக்கை ஒன்றே. நெஞ்சுவலியோடு வரும் ஒவ்வொருவருக்கும், வலி தொடங்கிய நேரம், இசிஜி எடுத்த நேரம், கட்டி கரைக்கும் ஊசி போட்ட நேரம் ஆகிய மூன்றையும் கடமலைக்குண்டு முதல் கூடலூர் வரை ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் எழுதிவையுங்கள். ஆண்டுதோறும் அவற்றின் இடைநிலை அளவை ஊரறிய வெளியிடுங்கள்.